நிலவுக்கு ஒத்திகை: அன்று எரிமலைக் கரி, இன்று நாமக்கல் மண்

திண்டிவனத்திலிருந்து வந்தாலும் சரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்தாலும் சரி, செஞ்சி நெருங்கும்போது பஸ்ஸில் இருக்கிற வெளியூர்க்காரர்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள். சாலையின் இரு பக்கமும் உருண்டைப் பாறைகள் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும். சில லாரி அளவு, சில வீட்டளவு. "ஏதோ வேற கிரகத்துக்கு வந்துட்ட மாதிரி இருக்கே" என்று ஒருவராவது சொல்லாமல் இருக்க மாட்டார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம் செஞ்சி. மூன்று குன்றுகளில் ஒன்றுக்குச் சந்திரகிரி என்று பெயர், சந்திராயன் துர்க்கம் என்றும் சொல்வதுண்டு. அந்தப் பெயர்ப் பொருத்தத்தை வைத்து யாரும் கதை கட்டாமல் இருந்தால் நல்லது.

கதை கட்ட வேறு நல்ல காரணமே இருக்கிறது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப.வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அங்கே ரயில்வே பள்ளியில் படித்தவர், ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நாற்பது கிலோமீட்டர்கூட முழுசாக இருக்காது. ஆகவே கோட்டைக்கு வருகிறவர்களில் சிலர் கேட்கிற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும்: நிலவில் ஓட்டுகிற வண்டியை இந்தப் பாறைக்காட்டில் ஓட்டிப் பார்த்திருக்கலாமே?

அறுபது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், "ஓட்டலாமே" என்று பதில் வந்திருக்கும். இன்றைக்கு வராது. நடுவில் மாறியது என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அன்று இடம் தேடியவர்கள் முதலில் பார்த்தது தோற்றத்தை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃப்ளாக்ஸ்டாஃப் நகருக்குப் பக்கத்தில் சிண்டர் லேக் என்றொரு வெளி இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சன்செட் கிரேட்டர் எரிமலை கக்கிய கருங்கரித் துணுக்குகள் பரந்து கிடக்கும் இடம். 1967 ஜூலையில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினர் அங்கே வெடி வைத்து 47 பள்ளங்களைத் தோண்டினார்கள். எங்கே எவ்வளவு பெரிய பள்ளம் என்பதை அவர்கள் தாமாக முடிவு செய்யவில்லை. லூனார் ஆர்பிட்டர் விண்கலம் நிலவின் அமைதிக் கடல் பகுதியை எடுத்தனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு, அதில் உள்ள பள்ளங்களை அதே அளவில், அதே இடைவெளியில் பூமியில் பிரதி எடுத்தார்கள். அப்பல்லோ வீரர்கள் அதற்குள் நடந்து பழகினார்கள். 1970-இல் அதே துறையினர் குறைந்த செலவில் 'க்ரோவர்' என்றொரு பயிற்சி வண்டியைத் தாங்களே செய்து அங்கே ஓட்டவும் விட்டார்கள்.

சோவியத் நாட்டிலும் அதே யோசனைதான். கிரிமியாவில் சிம்ஃபெரோபோல் அருகே செயற்கை நிலவுத் திடல் ஒன்றைக் கட்டி, லுனோகோட் வண்டியின் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1970 நவம்பரில் லுனோகோட்-1 நிலவில் இறங்கி, பூமியிலிருந்து வந்த கட்டளைகளைக் கேட்டுப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அதற்கு இரண்டு மாதம் முன்பே லூனா-16 ஆளில்லாமல் போய் 101 கிராம் நிலவு மண்ணைத் திரும்பக் கொண்டுவந்திருந்தது.

அன்றைய ஒத்திகையில் பயிற்சி மனிதனுக்குத்தான். எந்தப் பள்ளம் ஆழம், எந்தக் கல் எடுக்கத் தக்கது, தொலைவை எப்படிக் கணிப்பது என்பதையெல்லாம் அவன் கண் பழக வேண்டும். அது வீணாகவும் போகவில்லை. 1971-இல் அப்பல்லோ-15 வீரர்கள் ஸ்காட்டும் இர்வினும் ஒரு வெள்ளைக் கல்லைக் கண்டவுடனே அதன் அருமை தெரிந்து எடுத்தார்கள் என்றால், அரிசோனாவிலும் பிற இடங்களிலும் புவியியலாளர்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்ததுதான் காரணம். 'ஆதிக் கல்' என்று பெயரெடுத்த அந்தக் கல் அனார்த்தோசைட் வகை. இந்தப் பெயரை வாசகர் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நாமக்கல் போகும்போது தேவைப்படும்.

மனிதன் போவது நின்று வண்டி மட்டும் போகும் காலம் வந்ததும் பாலைவனங்கள் தேடப்பட்டன. 1997-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'நோமாட்' ரோவர் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. ஓட்டியவர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அமெரிக்காவில் திரை முன் உட்கார்ந்திருந்தார்கள். 2018-இல் ஐரோப்பிய விண்வெளி அமைப்பு, செவ்வாய்க்கு அனுப்பவிருக்கும் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ரோவருக்கான ஒத்திகையை ஸ்பெயினின் தபெர்னாஸ் பாலைவனத்தில் நடத்தியது. அடுத்த ஆண்டு அதையே அட்டகாமாவில் நடத்தியது. வண்டி பாலைவனத்தில் நிற்க, கட்டளை கொடுக்கும் குழு இங்கிலாந்தில் இருந்தது. அந்தக் குழுவுக்கு வண்டி நிற்கும் இடத்தின் வரைபடமும் வண்டி அனுப்பும் படங்களும்தான் கிடைக்கும். அவற்றை மட்டும் வைத்து எங்கே துளையிடுவது என்று முடிவெடுக்க வேண்டும்.

பாலைவனம் ஏன்? செடிகொடி இல்லை, ஈரம் இல்லை, அடிவானம் வரை கல்லும் மணலும். ரோவரின் கண்ணுக்கு அங்கே ஒரு மரம் தென்பட்டால் ஒத்திகையே கெட்டுவிடும். செவ்வாய்க்குச் செய்தி போய்ச்சேர மூன்று நிமிடம் முதல் இருபது நிமிடத்துக்கு மேல் வரை ஆகும், இரண்டு கிரகங்களும் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்தது அது. வண்டி பள்ளத்தில் சாய்வதைப் பார்த்துவிட்டு 'நில்' என்று சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே வண்டி தானே பார்த்து, தானே நின்று, தானே சுற்றிப் போகக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பாலைவனத்தை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. நம் நாட்டிலும் 2025-இல் லடாக்கின் த்சோ கார் பள்ளத்தாக்கில், பெங்களூரு நிறுவனமான புரோட்டோபிளானட், இஸ்ரோவின் துணையோடு 'ஹோப்' என்ற ஒத்திகை நிலையத்தை அமைத்தது. குளிர், காற்றழுத்தக் குறைவு, தனிமை ஆகியவற்றில் மனிதன் எப்படி இருக்கிறான் என்று பார்க்கிற இடம் அது. நல்ல முயற்சிதான். ஆனால் அதன் படங்களைப் போட்டு 'இந்தியாவில் ஒரு செவ்வாய்' என்று எழுதுகிறபோது ஒரு விஷயம் மறைந்துவிடுகிறது. லடாக்கில் சோதிக்கப்படுவது மனிதன். மண்ணின் சோதனை வேறு.

மண்தான் திரும்பத் திரும்பக் கவிழ்த்திருக்கிறது. 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயின் வடதுருவப் பக்கம் இறங்கி மண்ணை அள்ளியது. அள்ளிய மண் கட்டிபிடித்துக்கொண்டு சோதனை அடுப்பின் சல்லடை வழியே இறங்க மறுத்தது. குலுக்கிக் குலுக்கித்தான் கொஞ்சம் இறக்கினார்கள். 2009-இல் ஸ்பிரிட் ரோவர், பார்வைக்கு உறுதியாக இருந்த மேல்பொருக்கு உடைந்து, அடியில் இருந்த பொலபொலப்பில் சக்கரம் புதைந்து நின்றது. கலிபோர்னியாவில் பொறியாளர்கள் வெவ்வேறு மண்பொடிகளைக் கலந்து ஒரு தொட்டியில் நிரப்பி, அதற்குள் மாற்று ரோவரைப் புதைத்து, வெளியே எடுக்கும் வழியைத் தேடினார்கள். ஸ்பிரிட் கடைசி வரை வெளியே வரவில்லை. 2021 ஆகஸ்டில் பெர்சிவரன்ஸ் ரோவர் முதல்முதலாகப் பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது. துளை கச்சிதமாக விழுந்தது, குழாயை மூடி முத்திரையும் வைத்தாயிற்று. பார்த்தால் குழாய் காலி! பாறை பொடிந்து உதிர்ந்துபோயிருந்தது. அடுத்த மாதம் வேறு பாறைக்குப் போய்த்தான் வெற்றி கிடைத்தது.

மூன்றும் சொல்வது ஒன்றே. ஓடுவது ஒரு கலை, அள்ளுவது வேறு கலை. ஓடக் கற்பதற்கு நிலத்தின் உருவம் போதும். அள்ளக் கற்க வேண்டுமானால் நிலத்தின் குணம் தெரிய வேண்டும்: அதன் மணிகள் எவ்வளவு கூர்மை, எப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, அழுத்தினால் எவ்வளவு இறங்கும் என்பதெல்லாம்.

இந்த இடத்தில் செஞ்சி தோற்றுப்போகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றுமே கிரானைட், நம் பேச்சில் கருங்கல். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயசு. பூமிக்கு இது சாதாரணக் கல். நிலவில் கிரானைட் மிக மிக அரிது, சில்லறைத் துணுக்குகளாகத்தான் அகப்பட்டிருக்கிறது. அதைவிட முக்கியம் அந்த உருண்டை வடிவம். கல்லின் விரிசலில் மழைநீர் இறங்கி, வெயிலும் ஈரமும் மாறி மாறித் தாக்கி, மூலைகளை முதலில் கரைத்து, நடுக்கல்லை உருட்டி விட்டிருக்கின்றன. அந்த உருட்டலில் தண்ணீருக்குப் பெரும்பங்கு உண்டு. மேல்நிலத்தில் மழையோ ஓடையோ இல்லாத நிலவில் செஞ்சி உருவாக வழியே இல்லை. வேற்றுக் கிரகம் என்று நாம் வியக்கிற பாறைகள்தான் பூமிக்கே உரிய கைவேலை.

பாலைவன மணலும் இதே சிக்கலில் மாட்டுகிறது. ராஜஸ்தானத்து மணலைக் காற்று உருட்டியிருக்கிறது, பாலாற்று மணலைத் தண்ணீர் உருட்டியிருக்கிறது. நிலவில் காற்றும் இல்லை, ஆறும் இல்லை. விண்கற்கள் வந்து மோதி மோதி உடைத்த மண் அது. ஒவ்வொரு மணியும் கூர்முனையோடு இருக்கும். எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் வித்தியாசம் சொல்வார்: ஆற்று மணல் கையில் நழுவும், கிரஷரில் உடைத்து வந்த எம்-சாண்ட் உள்ளங்கையைக் குத்தும், இரண்டும் கலவையில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. நிலவு மண் எம்-சாண்டின் ஜாதி. ஆகவே ரோவர் சக்கரத்துக்கு வேண்டியது உடைத்த கல். எந்தக் கல்லை உடைப்பது என்பதுதான் கேள்வி.

விடை, செஞ்சியிலிருந்து தென்மேற்கே நேர்கோட்டில் 200 கிலோமீட்டர் போனால் கிடைக்கிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியும் குன்னமலையும். அங்கே நிலத்தோடு நிலமாகக் கிடக்கும் வெளிர்நிறப் பாறை அனார்த்தோசைட். பார்த்தால் யாரும் செல்போனை எடுக்க மாட்டார்கள். ஆனால் பௌர்ணமி இரவில் நிலவில் வெளுப்பாகத் தெரிகிற மேட்டுநிலம் பெரும்பாலும் அதே வகைக் கல்தான். ஆதிக் கல்லும் அதே வகைதான். 1956-இல் ஏ.பி.சுப்ரமணியம் என்ற புவியியலாளர் சித்தம்பூண்டிப் பாறைத்தொகுதியைப் பற்றி ஒரு விரிவான ஆய்வுக்கட்டுரை எழுதினார். அப்போது அந்த ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது, மனிதன் இன்னும் ஒரு ஸ்புட்னிக்கைக்கூட அனுப்பவில்லை. நிலவில் அனார்த்தோசைட் இருக்கிறது என்று தெரிய வந்ததே 1969-இல், அப்பல்லோ-11 கொண்டுவந்த மண்ணில் வெள்ளைத் துணுக்குகளைக் கண்டபோதுதான்.

சந்திரயான்-2 வேலை தொடங்கியபோது நிலவு மண்ணைப் போன்ற மண்ணுக்கு இஸ்ரோ அமெரிக்காவைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அங்கே கிலோ 150 டாலர் என்று விலை. சோதனைத் திடலை நிரப்ப வேண்டியதோ டன் கணக்கில். ஐம்பது டன் என்று வைத்தாலே 75 லட்சம் டாலர் ஆகிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ச.அன்பழகன் குழுவினரும், திருச்சி என்.ஐ.டி. பேராசிரியர் கே.முத்துக்குமரனும், இஸ்ரோ பொறியாளர்களும் சேர்ந்து நாமக்கல் கல்லை உடைத்து, தேவையான அளவுகளில் பிரித்துக் கலந்து, குணத்தை அப்பல்லோ மண்ணின் அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். கல்லை உடைத்தது சேலம் கிரஷர்கள். 25 கோடி ரூபாய் ஒதுக்கிய வேலை, உதவியவர்கள் கூலி வாங்காததால் மிகக் குறைவில் முடிந்தது என்று இஸ்ரோ விஞ்ஞானி மயில்சாமி அண்ணாதுரை பிற்பாடு சொன்னார். சுமார் 50 டன் பெங்களூருக்குப் போயிற்று. 2014-இல் விண்ணப்பித்த காப்புரிமை 2020 மே மாதம் கிடைத்தது.

பெங்களூரில் இந்த மண்ணைப் பரப்பி ஒரு நிலவுத் திடல் அமைத்தார்கள். மண் சரியாகிவிட்டது, எடை சரியாக வேண்டுமே? நிலவில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. அதற்காக ஹீலியம் பலூனைக் கட்டி ரோவரைத் தூக்கிப் பிடித்து, சக்கரத்தில் விழும் பாரத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்தார்கள். இறங்குகலத்தின் கால்களையும் செயற்கை நிலவு மண்ணில் இறக்கிப் பார்த்தார்கள். அதன் கண்களுக்கு மட்டும் பழைய அரிசோனா வழியே போதுமானதாக இருந்தது. கர்நாடகத்தில் சித்ரதுர்கா மாவட்டம் செல்லக்கெரே அருகே தரையில் பள்ளங்கள் வெட்டி, மேலே பறந்து உணரிகளைச் சோதித்தார்கள். உருவம் வேண்டிய இடத்தில் உருவம், குணம் வேண்டிய இடத்தில் குணம் என்று பிரித்துக்கொண்டதுதான் இன்றைய ஒத்திகையின் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இறங்குகலம் மோதி நொறுங்கியதால் பிரக்யான் ரோவர் மண்ணைத் தொடவே இல்லை. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்குச் சந்திரயான்-3 இறங்கியது. ஆறு சக்கரமும் 26 கிலோ எடையும் கொண்ட பிரக்யான் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்து நூறு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடியது. வழியில் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று எதிர்ப்பட்டதும் திரும்பி வேறு வழி பிடித்தது.

அந்த நூறு மீட்டரில் இரண்டு பரீட்சை முடிவுகள் இருந்தன. முதலாவது, கல். ரோவரில் இருந்த எக்ஸ்-கதிர் கருவி 23 இடங்களில் மண்ணை அளந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் சந்தோஷ் வடவலே குழுவினர் 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவின்படி, அந்த மண் பெரும்பாலும் இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகையைச் சேர்ந்தது. நாமக்கல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் தலை நிமிர்ந்து நடக்கலாம். இரண்டாவது முடிவு அவ்வளவு இனிப்பாக இல்லை. பிரக்யானின் பின்சக்கரங்களில் தேசியச் சின்னமும் இஸ்ரோ முத்திரையும் செதுக்கியிருந்தார்கள். பெங்களூர்த் திடலில் அவை தெளிவாகப் பதிந்தன. நிலவில் தெளிவாகப் பதியவில்லை. அங்கே மண் தூசாக இல்லாமல் கட்டிகட்டியாக இருந்ததே காரணம் என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். கல் ஒன்றாக இருந்தாலும் மண் ஒன்றாக இல்லை. செய்தித்தாள்கள் இதை ஏமாற்றமாக எழுதின. எனக்கு என்னவோ பிரக்யான் அனுப்பிய தகவல்களில் மிக உபயோகமானது அந்தப் பதியாத முத்திரைதான். அள்ளப் போகிறவனுக்கு வேண்டிய தகவல் அது.

அள்ளத்தான் போகிறார்கள். 2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை 2,104 கோடி ரூபாயில் சந்திரயான்-4 திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஐந்து பகுதிகள், இரண்டு எல்.வி.எம்.-3 ராக்கெட்டுகள். இறங்கி, மேல்மண்ணை இயந்திரக் கையால் அள்ளி, தரையைத் துளைத்து, எடுத்ததை மூடி, மேலெழுந்து, விண்ணில் இன்னொரு கலத்தோடு இணைந்து, பூமிக்கு வர வேண்டும். இணைப்பை 2025 ஜனவரியில் ஸ்பேடெக்ஸ் வழியாகச் செய்து பழகியாயிற்று. சீனா 2020-இல் 1,731 கிராமும், 2024-இல் நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராமும் கொண்டுவந்திருக்கிறது. ஜப்பானோடு சேர்ந்து செய்யும் சந்திரயான்-5 திட்டத்தில் போகிற ரோவர் பிரக்யானைவிடப் பல மடங்கு எடை கொண்டது. அவ்வளவு பாரமும் மண்ணில் இறங்கும், அதற்குத் துளையிடும் வேலையும் உண்டு.

இதற்கெல்லாம் இனி மண் செய்ய வேண்டும். முன்பு கலந்த அதே கலவை போதாது. பிரக்யான் சொன்ன கட்டிமண்ணின் குணமும் அதில் ஏற வேண்டும். அதாவது சித்தம்பூண்டிக்கும் குன்னமலைக்கும் மறுபடியும் லாரி போக வேண்டி வரும்.

செஞ்சிக் கோட்டையைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. இப்போது யுனெஸ்கோவின் பெயரும் துணைக்கு வந்துவிட்டது. ஒரு செங்கல்லை எடுத்தால்கூடக் கேட்க ஆள் இருக்கிறது. சித்தம்பூண்டிப் பாறை கோட்டை இல்லை, அதில் ராஜா தேசிங்கு குதிரை ஓட்டவில்லை. ஆனால் இந்த நாட்டின் நிலவு ஒத்திகைக்கு அடித்தளமாக இருந்தது அதுதான். அந்தப் பாறைத்தொகுதியில் ஒரு பகுதியையாவது குவாரிக்குக் கொடுக்காமல், புவியியல் பாரம்பரிய இடமாக வேலியிட்டுக் காப்பதற்கு மாநில அரசும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் முன்வர வேண்டும். வருஷாவருஷம் செஞ்சிக்குச் சுற்றுலா கூட்டிவருகிற பள்ளிகளே, அடுத்த முறை நாமக்கல் பக்கம் போனால் பிள்ளைகளை அந்தப் பாறை மேலும் ஒரு மணி நேரம் நடக்க விடுங்கள். நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியதில்லை, தண்ணீர் பாட்டில் மட்டும் எடுத்துப் போங்கள்.